சவுக்காரம் மணத்த தேயிலை

நேயர் விருப்பத்தில் ஒரு பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் சித்தி மகன். நான் நிகழ்ச்சியில் இருக்கும் நேரத்தில் அவன் அழைக்கவே மாட்டான். பாட்டு முடிய இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. பயந்துகொண்டே எடுத்தேன்.

"அக்கா, பாரிஸ்லேருந்து கடைக்காரர் கூப்பிட்டாரு. டீத்தூள்ல சோப்பு வாசம் அடிக்குதாம்கா."

நல்ல வேளை, சித்திக்கு ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த டீத்தூளில் இருந்தது சித்தியின் பணம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டி, 55 வயதில் எடுத்த ஈ.பி.எஃப். பணம். லயத்து வீட்டை விட்டுத் தானா ராத்தாவுக்கு வாடகை வீட்டில் குடிவந்த பிறகு, மகன் சொந்தமாக ஏதாவது செய்யட்டும் என்று எடுத்துக் கொடுத்தார். அவன் தொழிற்சாலையில் மொத்தமாகத் தூள் வாங்கி, கால் கிலோ பொட்டலமாகக் கட்டி, பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சுற்றுப்பயணிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தான். அப்படி வந்த ஒருவர் மூலம்தான் பாரிஸ் லாச்சப்பல் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அறிமுகமானார். 2024 கடைசியில் முதல் ஆர்டர். 24 அட்டைப் பெட்டி.

கடைக்காரர் அனுப்பிய குரல் பதிவை அன்றிரவு கேட்டேன். கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. "தம்பி, உங்கட தேயிலை நல்ல தேயிலைதான். நான் குறை சொல்லேல்ல. ஆனா தேத்தண்ணி போட்டா சவுக்காரம் மணக்குது. இதை நான் ஆருக்கு விக்கிறது, சொல்லுங்கோ?"

தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். வீட்டில் டீத்தூள் டப்பாவைப் பெருங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும். மல்லிகை டீ செய்கிறவர்கள் இந்தக் குணத்தை நம்பித்தான் இலைக்குள் பூவைப் போட்டு வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் தேயிலை ஏற்றிய பலகைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈயத்தாளோ அலுமினியத்தாளோ ஒட்டியிருப்பார்கள். ஈரத்துக்கும் வாசனைக்கும் அதுதான் காவல். தம்பியின் பொட்டலமோ வெறும் பிளாஸ்டிக் பை. அது அவன் தவறு, ஒப்புக்கொண்டான்.

ஆனால் சோப்பு எங்கிருந்து வந்தது?

24 பெட்டிக்கு யாரும் ஒரு கொள்கலன் எடுக்க மாட்டார்கள். பல பேருடைய சரக்கை ஒரே கொள்கலனில் சேர்த்து அடுக்குவார்கள். இவனுடைய சரக்கு ஒரே ஒரு மரப்பலகை மேல் அடங்கிவிட்டது. கிள்ளானில் ஒரு கிடங்கில் கொண்டுபோய் இறக்கினான். கிடங்கில் அடுக்குகிறவர் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதில்லை. கையில் இருக்கும் பட்டியலைத்தான் பார்ப்பார். பட்டியலில் இவனுடைய சரக்குக்கு நேராக இருந்தது ஒரே ஒரு சொல்: 'ஃபுட்ஸ்டஃப்'. உணவுப்பொருள். டின் மீனும் உணவுப்பொருள்தான், தேயிலையும் உணவுப்பொருள்தான். டின் மீனை வாசனைச் சோப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் ஆகாது.

அந்தச் சொல்லை எழுதியது யார் என்று தேடிக்கொண்டு போனோம். அப்போதுதான் மேனிஃபெஸ்ட் என்ற காகிதத்தின் அருமை எனக்குத் தெரிந்தது. காகிதம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். இப்போது எல்லாமே கணினி வழிதான்.

கப்பலில் என்ன சரக்கு, எத்தனை பெட்டி, எவ்வளவு எடை, எந்தக் கொள்கலனில், அனுப்புகிறவர் யார், பெறுகிறவர் யார், எந்தத் துறைமுகத்தில் ஏறி எங்கே இறங்குகிறது என்று வரிசையாகச் சொல்லும் பட்டியல்தான் மேனிஃபெஸ்ட். கப்பல் நிறுவனமோ அதன் முகவரோ அதைக் கஸ்தத்திடம் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் 1967ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஏற்றுமதி செய்கிறவர் சார்பில் ஃபார்வர்டிங் ஏஜெண்ட் தனியாகக் கே2 பாரம் கொடுப்பார். இறக்குமதிக்குக் கே1. தீபகற்பத்திலிருந்து சபா, சரவாக்குக்கு அனுப்பக் கே3. கஸ்தம் இந்தப் பாரத்தையும் கப்பல்காரர் கொடுத்த பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் கேள்வி வரும்.

கப்பல் முகவர் அந்தப் பட்டியலைத் தானாக யோசித்து எழுதுவதில்லை. பில் ஆஃப் லேடிங்கைப் பார்த்து எழுதுகிறார். அந்தப் பில்லை ஃபார்வர்டர் கொடுத்த குறிப்பைப் பார்த்து அடிக்கிறார்கள். ஃபார்வர்டர் அந்தக் குறிப்பை எழுதுவது நாம் கொடுத்த பேக்கிங் லிஸ்டைப் பார்த்து. தம்பி கொடுத்த பேக்கிங் லிஸ்டைத் தேடி எடுத்தோம். அதில் அவன் கைப்பட எழுதியிருந்தது 'டீ மற்றும் உணவுப்பொருள்'. டீ என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. விழுந்த இடம் எதுவாக இருந்தாலும், உணவுப்பொருளை அதில் சேர்த்தது இவன்தான்.

"எதுக்குடா அப்படி எழுதின?"

"பொதுவா எழுதினா பிரச்சினை வராதுன்னு ஒருத்தர் சொன்னாருக்கா."

இந்த 'ஒருத்தர்' நம் ஊரில் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்.

2025 ஆகஸ்டில் தீபாவளிக்காக இரண்டாவது ஆர்டர். பாதி விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று முதல் சரக்கின் கணக்கை முடித்துவிட்டு, கடைக்காரரே இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். தம்பி இம்முறை அலுமினியத்தாள் வைத்த பை வாங்கினான். மணம் குணம் எல்லாம் சரி. எண்ணி 24 பெட்டி. ஆனால் ஏஜெண்ட் அலுவலகத்தில் பழைய பில்லைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் 'ஃபுட்ஸ்டஃப்'.

இந்த முறை அது நகரவே இல்லை.

ஐரோப்பாவுக்குக் கொள்கலனில் போகும் சரக்கின் விவரத்தை, அது இங்கே கப்பலில் ஏறுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அங்குள்ள சுங்கத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது 2011லிருந்து இருக்கும் விதி. இதற்கு வழிகாட்டியது அமெரிக்கா. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, எந்தக் கொள்கலனில் என்ன வருகிறது என்று கரை சேர்ந்த பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 2002 டிசம்பரில் அந்த 24 மணி நேர விதியைக் கொண்டு வந்தார்கள். 'பொதுச் சரக்கு' என்றோ, 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது' என்றோ எழுதுவது அன்றோடு செல்லாமல் போனது. ஐரோப்பா 2024 ஜூன் 3 முதல் கடல் சரக்குக்கும் புதிய கணினி முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்தது. அதில் சரக்கின் பெயரோடு ஆறு இலக்கச் சுங்கக் குறியீடும் வேண்டும். விற்றவர், வாங்கியவர் பெயர் வேண்டும். பல பேர் சரக்கைச் சேர்த்து அனுப்பினால், ஒவ்வொருவருடைய சரக்குக்கும் தனித்தனியே வேண்டும்.

எந்தச் சொல் செல்லும், எந்தச் சொல் செல்லாது என்று அவர்கள் ஒரு பட்டியலே வெளியிட்டிருக்கிறார்கள். நான் உட்கார்ந்து படித்தேன். வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவளுக்கு அதைப் படிக்க ஆசையாகத்தான் இருந்தது. 'இயந்திரம்' செல்லாது. 'கருவிகள்' செல்லாது. 'துணிமணி' செல்லாது, ஆண்கள் சட்டை என்றால் செல்லும். 'உணவுப்பொருள்' செல்லாது. அதற்குப் பதிலாக ஆரஞ்சு, மீன், பொட்டல அரிசி என்று எழுத வேண்டுமாம். என் முதல் தயாரிப்பாளர் நினைவுக்கு வந்தார். 'பல இடங்களில் மழை' என்று படித்தால் காதைத் திருகாத குறையாகக் கேட்பார்: "எந்த இடம்? தாப்பாவா, தைப்பிங்கா?"

கிடங்கில் இருந்தவர்கள் தம்பியின் பலகையை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்கள் சரக்கோடு கொள்கலனைப் பூட்டி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு பலகைக்காக இன்னும் பத்துப் பேருடைய சரக்கு நிற்க முடியுமா? திருத்தம் எழுதி, குறியீடு தேடி, கடைக்காரரின் ஐரோப்பியப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அடுத்த கப்பலில் இடம் பிடிப்பதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது. செங்கடல் பக்கம் தாக்குதல்கள் தொடங்கியதிலிருந்து பல கப்பல்கள் சுவெஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் போகின்றன. அதில் மேலும் பத்து நாளுக்குக் குறையாது. தீபாவளி அக்டோபர் 20. பெட்டிகள் லெ ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கியபோது லாச்சப்பலில் பலகாரக் கடைகள் எல்லாம் எடுத்துக் கட்டியாகிவிட்டது.

சித்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் முன்னால் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. விடுமுறைக்கு மேலே போனபோது நானே பேச்செடுத்தேன். மேனிஃபெஸ்ட், குறியீடு என்று நான் விளக்க ஆரம்பித்ததும், "செக்ரோல் மாதிரின்னு சொல்லு" என்றார்.

தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து என்று கிராணி எழுதுவது செக்ரோல். மலையில் எவ்வளவு வெட்டினாலும், அந்தத் தாளில் விழுந்த எண்ணுக்குத்தான் சம்பளம். எடை போடும் இடத்தில் பக்கத்துக்காரியின் கொழுந்து தன் பேரிலோ, தன் கொழுந்து அவள் பேரிலோ விழுந்துவிடாமல் கண்கொத்திப் பாம்பாக நிற்பார்களாம். சாயங்காலம் போய் முறையிட்டால் நடக்காது. எழுதும்போதே பார்க்க வேண்டும்.

தம்பியின் பழைய பாரத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். மொத்த எடை 240 கிலோ என்று இருந்தது. பெட்டிக்கு 40 பொட்டலம், பொட்டலம் கால் கிலோ, பெட்டிக்குப் பத்துக் கிலோ, 24 பெட்டி. கணக்கு சரி.

"பெட்டி எடை எங்க?"

அவன் விழித்தான். அவன் போட்டது தூளின் எடை. மேனிஃபெஸ்டில் போக வேண்டியது பை, அட்டைப் பெட்டி, மரப்பலகை எல்லாம் சேர்ந்த எடை. வீட்டுத் தராசில் வெறும் பெட்டியை வைத்துப் பார்த்தோம். பலகையையும் சேர்த்தால் 290ஐத் தாண்டியது. 2016 ஜூலை முதல், சரக்கேற்றிய கொள்கலனின் எடையைச் சரிபார்த்துச் சொல்லாமல் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது உலகம் முழுக்க விதி. எடையைக் குறைத்துச் சொன்ன கொள்கலன்களை அடுக்கி, அடுக்கு சரிந்து, கப்பலே சாய்ந்த கதைகள் உண்டு.

"தோட்டத்துல கூடைய கழிப்பாங்க. இங்க கூடையச் சேக்கணுமா? நல்ல கூத்து" என்றார் சித்தி.

ஐம்பது கிலோ வித்தியாசத்தில் கப்பல் ஒன்றும் மூழ்கிவிடாது. ஆனால் பட்டியலில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கடற்கரையே காத்திருந்த நாள்களும் உண்டு. 2021 மே 20ஆம் தேதி கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தது. அதில் 1,486 கொள்கலன்கள். ஒன்றில் 25 டன் நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. கப்பல் மூழ்கியது, பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கின, நீர்கொழும்பு மீனவர்கள் கடலுக்குப் போக முடியவில்லை. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது 640 கொள்கலன்கள். அவற்றில் 13இல் அபாயகரமான சரக்கு, 12இல் கால்சியம் கார்பைடு என்று சொன்னார்கள். மற்றவற்றில் என்ன? மீன் வாங்கிச் சாப்பிடலாமா? இதுதான் அங்கே எல்லாருடைய கேள்வியும். சரக்கு விவரங்களை மக்கள் பார்க்கும்படி வெளியிடச் சொல்லிக் கேரள உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கன்னியாகுமரிக் கரையிலும் அந்தப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின.

நம் வீட்டுக் கதையும் ஒன்று இருக்கிறது. கிள்ளான் துறைமுகத்துக்குப் பணக்கார நாடுகளின் பிளாஸ்டிக் குப்பை கொள்கலன் கொள்கலனாக வந்து இறங்கியது நினைவிருக்கும். குப்பை என்று எழுதினால் அனுமதிச் சீட்டு வேண்டும். அதனால் வேறு பெயர், வேறு குறியீடு போட்டு அனுப்பினார்கள். 2020 ஜனவரியில் அரசாங்கம் கணக்குச் சொன்னபோது, 13 நாடுகளுக்கு 150 கொள்கலன்கள், 3,737 டன், திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. 'ஒருத்தர்' அங்கேயும் இருந்திருக்கிறார்.

தமிழ்நாட்டுக்குச் சாமான் அனுப்பும் வாசகர்கள் பலர் இருப்பீர்கள், உங்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே இறக்குமதி மேனிஃபெஸ்டை ஐ.ஜி.எம். என்பார்கள். அந்த எண் இல்லாமல் உங்கள் ஆள் சென்னையில் சரக்கை எடுக்க முடியாது. சேர்த்து அனுப்பிய சரக்கென்றால், அந்த எண்ணுக்குக் கீழே உங்கள் சரக்குக்கான வரிசை எண்ணும் வேண்டும். 'பழைய துணி, பாத்திரம்' என்று எழுதிய பெட்டிக்குள் புது மிக்சி இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெறுகிறவர் பெயர் அவருடைய கடப்பிதழில் இருப்பதுபோல இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிட்டு அலைந்தவர்கள் என் நேயர்களிலேயே இருக்கிறார்கள்.

சித்தியின் அம்மா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். 1926இல் கட்டிய கப்பல், 1970களின் தொடக்கம் வரை ஓடியது. பாட்டி கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் தானா ராத்தா வீட்டில் இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் பெயரும், இறங்க வேண்டிய இடமும். பெயரில் ஓர் எழுத்து பிழை. அந்தப் பிழையோடுதான் பாட்டியின் அடையாள அட்டையும் கடைசிவரை இருந்தது. பெட்டியைப் பார்த்து அட்டை எழுதினார்களா, இரண்டையும் ஒரே ஆள் எழுதினாரா, வீட்டில் இன்றுவரை தீராத வாதம்.

மூன்றாவது ஆர்டர் இந்த மாதம். 40 பெட்டி. தம்பி இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'பிளாக் டீ, இலை, 250 கிராம் பொட்டலம்' என்றும், கீழே 0902.30 என்றும் இருக்கிறது. மூன்று கிலோவுக்கு மேற்படாத பொட்டலக் கறுப்புத் தேயிலைக்கு அந்த எண். அதே தூளைச் சாக்கில் அனுப்பினால் 0902.40. பச்சைத் தேயிலைக்கு வேறு. கொள்கலன் எண்ணைச் சரிபார்க்கவும் கற்றுக்கொண்டான். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஓர் எண்ணை மாற்றி அடித்தால் அந்தக் கடைசி இலக்கம் காட்டிக் கொடுத்துவிடும்.

பில் அச்சாவதற்கு முன் வரைவு ஒன்று மின்னஞ்சலில் வரும். முன்பெல்லாம் அதைத் திறக்காமலே 'ஓகே' என்று பதில் போட்டுவிடுவானாம். கப்பல் புறப்படும் முன் திருத்தினால் பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலோடு முடிந்துவிடும். புறப்பட்ட பிறகு திருத்தினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் காசு, ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அபராதமும் சேரலாம். அதனால் வரைவு வந்ததும் மூன்று பேரும் படிக்கிறோம். அவன் எண்களைப் பார்ப்பான், நான் எழுத்தைப் பார்ப்பேன், சித்தி எடையைப் பார்ப்பார்.

வியாழக்கிழமை வந்த வரைவில் பெட்டி 40, எடை சரி, குறியீடு சரி. டீ என்ற சொல்லில் கடைசி எழுத்து தப்பு. கோல்ஃப் பந்தை வைத்து அடிக்கும் குச்சிக்கு அந்த எழுத்தில்தான் எழுதுவார்கள். கறுப்புக் கோல்ஃப் குச்சி, கால் கிலோ பொட்டலம்.

திருப்பி அனுப்பியிருக்கிறோம். கப்பல் செவ்வாய்க்கிழமை.